வியாழக்கிழமைப் பட்டியல்

அந்த விளம்பரத்தில் ஒரு கட்டில் இருந்தது. நல்ல கட்டில்தான், தேக்கு நிறம், கால்மாட்டில் இழுப்பறை. அதன்மேல் ஒரே ஒரு தலையணை வைத்திருந்தார்கள். "இனி உங்களுக்கு மட்டும்" என்று ஒரு பெண்குரல், தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி சொல்லிவிட்டு அடங்கியது. ஐந்து நொடி இருக்கும். பிறகு மாஸ்டருக்குப் பிடித்த பழைய நகைச்சுவைப் படம் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது.

ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டிருந்த மாஸ்டரின் மனைவி பிழிவதை நிறுத்தினாள். துண்டிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டே இருந்தது.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அந்தத் தெருவில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றவர்கள். "பிரேக் இருக்கறது நிக்கறதுக்கு இல்லை, தைரியமா ஓடறதுக்கு" என்பார். வாய் ஓயாத மனுஷர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கழுத்துக்குக் கீழே எல்லாம் மரக்கட்டையாகி, பேச்சும் போய்விட்டது. கண், காது, புத்தி மூன்றும் மட்டும் துளிகூடக் குறையாமல் தங்கிவிட்டன. கண்ணை ஒருதடவை மூடினால் ஆமாம். இரண்டுதடவை மூடினால் வேண்டாம். அவர் பேச்சு இப்போது அவ்வளவுதான். கட்டில் சட்டத்தில் மாட்டியிருந்த இரும்புக் கையில் டேப்லெட் அவர் முகத்துக்கு நேரே நின்றது. நாள் முழுக்கப் படம் ஓடும். அவரால் அதை அணைக்க முடியாது, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியாது. இடையில் வருகிற விளம்பரத்தையெல்லாம் பார்த்தாக வேண்டும்.

இத்தனை நாளும் அவருக்கு வந்தவை டயர் விளம்பரங்கள், எஞ்சின் ஆயில் விளம்பரங்கள்.

கட்டில் விளம்பரம் யாருக்கும்தான் வரும் என்று சொல்லிக்கொண்டு அவள் அவர் நெற்றியைத் துடைத்தாள். ஆனால் பிடரியில் சூடு ஏறிவிட்டது. அதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும்.

பதினோரு நாளுக்கு முன்னால், ஒரு மதியம். அன்று மூன்றாவது தடவையாக விரிப்பை மாற்றி, அவரைப் புரட்டி, முதுகுப்புண்ணுக்கு மருந்து வைத்து, இடுப்பு விட்டுப்போய் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றாள். போனை எடுத்து, இப்படிப் படுத்திருக்கிறவர் எத்தனை வருஷம் இருப்பார் என்று தட்டினாள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது வருஷம்கூட என்று வந்தது. அவளுக்கு நாற்பத்தாறு வயது. சுவரில் சாய்ந்தபடியே இரண்டாவதாக ஒன்று கேட்டாள். சீக்கிரம் முடிந்துபோகிற வாய்ப்பு உண்டா என்று. மூன்றாவதாக ஒன்றை ஆரம்பித்தாள். பாதியிலேயே கை நின்றுவிட்டது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சோப்புப் போட்டு இரண்டுதடவை கை கழுவினாள். அந்த மூன்றாவது கேள்வியை அதற்குப் பிறகு அவள் மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

*

காலையில் அவள் பல் டாக்டர் கிளினிக்குக்குப் போய் வரவேற்பு மேஜையில் உட்காருவாள். ஒரு மணிவரைதான் வேலை. அதுவரை மாஸ்டரின் தங்கை வந்து அண்ணனோடு இருப்பாள். சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவள்; சொல்லெல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அண்ணன்மேல் உயிர்.

அடுத்த நாள் கிளினிக்கிலிருந்து அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது நாத்தனார் செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக வாசலில் நின்றாள். ஆனால் கிளம்பவில்லை.

"அண்ணி, அண்ணன் பாக்கற அதுல என்னென்னவோ விளம்பரம் வருது."

"என்ன விளம்பரம்?"

"ஒரே ஒருத்தருக்குச் சமைக்கற குட்டிப் பாத்திரம். அப்புறம், தனியா இருக்கற பொம்பளைங்களை டூர் கூட்டிட்டுப் போறாங்களாம். இனிமேல் உங்க நேரம்னு சொல்றான். ஒருமணி நேரத்துல நாலு தடவை வந்துடுச்சு."

"அதெல்லாம் எல்லாருக்கும் வரும்மா. கண்டதையும் போடறாங்க."

நாத்தனார் தன் போனை ஒருதடவை பார்த்தாள். "எனக்கு வரலியே."

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. அன்று மாலை மருந்து டப்பாவைத் திறந்தபோதுதான், மாத்திரை அட்டைகள் எல்லாம் யாரோ எண்ணிப் பார்த்து வரிசையாக அடுக்கிய மாதிரி இருப்பதை அவள் கவனித்தாள். அவள் அப்படி அடுக்குகிறவள் இல்லை. அட்டைகளின் வெள்ளிப் பளபளப்பைப் பார்த்துக்கொண்டு, திருடியவள் மாதிரி, தன் வீட்டு அலமாரி முன்னால் நெடுநேரம் நின்றாள்.

அவளுடைய தம்பி வேலை பார்ப்பது விளம்பரக் கம்பெனி ஒன்றில். என்ன வேலை என்று கேட்டால் "யாருக்கு எந்த விளம்பரம்னு லிஸ்ட் பிரிக்கறது, அக்கா" என்பான். அவனைக் கூப்பிட்டாள்.

"உங்க மாமா டேப்லெட்ல எனக்கு வரவேண்டிய விளம்பரம் வருதுடா."

"வரும். வீட்டுல வைஃபை ஒண்ணுதானே. ஒரே கூரைக்குக் கீழ இருக்கற போன், டிவி எல்லாத்தையும் ஒரு குடும்பம்னு முடிச்சு போட்டுடுவாங்க. நீ ஒரு ஆப்ல பார்த்ததை அவங்க இன்னொருத்தனுக்கு விப்பாங்க, அவன் இன்னொருத்தனுக்கு. கடைசில யார் கையில இருக்குன்னு எங்களுக்கே தெரியாது."

"பேரோடயா?"

"பேர் எதுக்கு? ஒரு நம்பர் போதும். எங்க இருக்க, எப்ப தூங்கற, எந்தக் கடைக்குப் போறதை நிறுத்தின, எதைத் தட்டிட்டு அழிச்ச, எல்லாம் அந்த நம்பர்ல சேந்துகிட்டே இருக்கும்."

"அழிச்சதுமா?"

"சிலது அப்படியும் எடுக்கும். ஏன்க்கா, ஏதாவது தேடினியா?"

"இல்லடா."

"நான் வேணா உள்ள பாக்கவா? என்ன லிஸ்ட்ல உன்னைப் போட்டிருக்காங்கன்னு?"

"வேண்டாம்" என்றாள். அவசரமாகச் சொல்லிவிட்டோமோ என்று பிறகு தோன்றியது. "வேண்டாம்டா. நீ உன் வேலையைப் பாரு."

தூக்கி வளர்த்த தம்பி. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் ஏதாவது செய்திருப்பான். ஆனால் எப்படிச் சொல்வது? எந்த வாயால் சொல்வது?

*

திங்கட்கிழமை கிளினிக்கில் ஒரு கிழவரின் விவரங்களைப் பதிந்துகொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் திறந்தது. வெள்ளைப் பூக்கள். கீழே, "கடைசிப் பயணம். கவலை எங்களுடையது." அவள் கிளினிக் கம்ப்யூட்டரில் தன் போன் எண்ணைப் போட்டு எதையும் திறந்ததே இல்லை. கிழவர் எட்டிப் பார்த்தார். "பல்லு பிடுங்கறதுக்கே இதெல்லாம் காட்டறீங்களே" என்று சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். சிரித்துக்கொண்டே திரையை உள்ளங்கையால் மறைத்தாள். கையை எடுத்தபோது கட்டம் பெரிதாகியிருந்தது.

அன்று மதியம் நாத்தனார் போனபிறகு அவள் படுக்கையறைக்குள் போய்க் கதவருகிலேயே நின்றாள். புண்ணுக்குப் போடும் பவுடரின் இனிப்பு வாசனை, அதற்கு அடியில் பவுடரால் மூட முடியாத இன்னொரு வாசனை. இழுத்துவிட்ட திரைச்சீலை வழியாக மஞ்சள் வெளிச்சம் மருந்துத்தண்ணி மாதிரி தரையில் தேங்கியிருந்தது. புண் வராமலிருக்க அவருக்குக் கீழே போட்டிருந்த காற்று மெத்தையின் மோட்டார் ஒரு பக்கத்தை ஊதி, மறுபக்கத்தை இறக்கி, உஸ்... உஸ் என்று, வீட்டில் மூன்றாவதாக ஒருவர் படுத்து மூச்சு விடுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. டேப்லெட்டில் நகைச்சுவைப் படம். நடுவில் அது நின்றது. ஒரு பெண் ஜன்னலைத் திறந்து காற்று வாங்குகிறாள். அவளுக்கும் நாற்பத்தாறு வயது இருக்கும். "பாரம் இறங்கியபிறகு" என்றது குரல்.

மாஸ்டர் அதைப் பார்த்தார். பிறகு கண்ணை மட்டும் திருப்பி இவளைப் பார்த்தார்.

"என்னங்க, இதை எடுத்துடவா? கண்ணு வலிக்குமே."

இரண்டுதடவை மூடினார். வேண்டாம்.

"வேற ஏதாவது பாட்டு போடவா?"

இரண்டுதடவை.

அவருக்குப் பார்க்க வேண்டியிருந்தது. படத்தையல்ல. இருபத்தைந்து வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங் பிடித்தவன் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று முகத்தைப் பார்த்தே சொன்ன மனுஷர். இப்போதும் பக்கத்து சீட்டில்தான் இருக்கிறார். இவள் எங்கே திருப்பப்போகிறாள் என்று அந்தப் பெட்டி அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் கேட்டாள், குரல் தேய்ந்து. "எம்மேல கோவமா?"

அவர் கண்ணை மூடவே இல்லை. ஒருதடவையும் இல்லை, இரண்டுதடவையும் இல்லை.

*

செவ்வாய்க்கிழமை தலையணை உறை மாற்றினாள். ஒரு கையால் அவர் தலையைத் தாங்கி, மறுகையால் தலையணையை உருவி, தலையை மெல்ல மெத்தையில் வைத்தாள். பழைய உறையைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். மாட்டியாயிற்று. இனி தலையைத் தூக்கி, தலையணையை அடியில் வைக்க வேண்டியதுதான்.

வைக்கவில்லை.

தலையணையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். எதையும் நினைக்கவில்லை என்று பிறகு தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள். களைப்பு. வெறும் களைப்பு. உஸ் என்றது மெத்தை. உஸ். வெளியே எங்கோ ஒரு குழாய் சொட்டியது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்த பார்வை இல்லை. அதுதான் தாங்கவில்லை. பார்வையில் ஒரு பொறுமை, புதிதாகக் கற்கிறவன் கியர் மாற்றுவதற்குக் காத்திருக்கிற பொறுமை. நைட்டிப் பையில் அவள் போன் தொடையோடு ஒட்டி, சூடாக இருந்தது.

மெத்தை பதினோரு தடவை மூச்சு விட்டது.

படம் நின்றது. திரை முழுக்க வெள்ளை. குரல் இல்லை, பாட்டு இல்லை. எழுத்து மட்டும். "முடிவெடுக்க முடியவில்லையா? நாங்கள் காத்திருக்கிறோம்."

அவள் தலையணையை அவர் தலைக்குக் கீழே திணித்துவிட்டு, குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. முகம் மட்டும் அறை வாங்கிய மாதிரி எரிந்தது. அவள் எதையும் தட்டவில்லை. யாரிடமும் பேசவில்லை. ஒரு நிமிஷம் சும்மா நின்றிருந்தாள், அவ்வளவுதான்.

தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, மாமா எப்படி இருக்காரு?"

"இருக்காரு. ஏன்?"

"சும்மாதான். சாப்பிட்டாரா?"

"என்னடா விஷயம்?"

போனுக்குள் அவன் ஆபீஸ் சத்தம், யாரோ சிரிப்பது, கீபோர்டுகள்.

"நீ வேண்டாம்னு சொன்ன. நான் பாத்துட்டேன்க்கா. தப்புதான்."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். இதைவிடத் தெருவில் துணியில்லாமல் நின்றிருக்கலாம் என்று தோன்றியது.

"நீ தேடினதைப் பத்தி நான் எதுவும் கேக்கப்போறதில்லை" என்றான் அவன் மெதுவாக. "அது இல்லை விஷயம். உன் நம்பர் வேற லிஸ்டுக்கு மாறியிருக்கு. தனியா இருக்கற பெண்கள் லிஸ்ட். கணவரை இழந்தவங்க. அதுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு தேதி இருக்கும், எப்ப இருந்துன்னு. உனக்கு வியாழக்கிழமைன்னு இருக்கு."

"எந்த வியாழன்?"

"இந்த வியாழன். வரப்போறது."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"மெஷின் ஏதோ கணக்கு போடும்க்கா. தப்பாவும் போகும். நான் எடுக்கப் பாத்தேன், எடுத்தா மறுபடி வந்து உக்காருது. எங்க இருந்து வருதுன்னு தெரியலை. நான் லீவ் போட்டுட்டு வரட்டுமா?"

வா என்று சொன்னால் அவன் அவள் முகத்தைப் பார்ப்பான்.

"எதுக்குடா? ஒண்ணும் இல்லை. வேலையைக் கெடுத்துக்காதே."

*

புதன்கிழமை மாஸ்டரின் டேப்லெட்டில் விளம்பரம் நின்றுபோனது.

முதலில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. காலையிலிருந்து ஒரு படம், அடுத்த படம், அதற்கடுத்தது. எங்கும் தடை இல்லை. மதியம் ஆனபோது நிம்மதி போய்விட்டது. டயர் வரவில்லை. ஆயில் வரவில்லை. பற்பசை, சோப்பு, எல்லா நாய்க்கும் பேய்க்கும் காட்டுகிற செல்போன் விளம்பரம், ஒன்றுகூட இல்லை. விற்கிறவர்கள் ஒருவர் மிச்சமில்லாமல் எழுந்து போய்விட்ட மாதிரி. இனி இவர் எதையும் வாங்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் எப்படியோ சேதி போய்விட்ட மாதிரி.

அவருக்கும் அது தெரிந்திருந்தது. அவர் படத்தைப் பார்க்கவே இல்லை.

வியாழக்கிழமை அவள் கிளினிக்குக்கு லீவ் சொன்னாள். நாத்தனார் வழக்கம்போல வந்து, அண்ணன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, ஒரு மணிவரை இருந்தாள். அண்ணியிடம் இரண்டு வார்த்தைகூடப் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் கேட்டாள்.

"அண்ணி, நான் இன்னைக்கு இங்கயே இருக்கட்டுமா?"

அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது. இரு என்று சொல்லியிருக்கலாம். இரும்மா, எனக்குப் பயமா இருக்கு. ஆனால் அவளுக்குச் சுருக்கென்றது. "எதுக்கு? நான் இல்லையா, பாத்துக்க? சாயங்காலம் பிள்ளைங்க டியூஷனுக்கு வந்து காத்துகிட்டு நிக்கும். நீ கிளம்பு."

நாத்தனார் அண்ணனின் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனாள். கேட் சாத்துகிற சத்தம். தெருவில் அவள் செருப்புச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

அவள் கூடத்தில் உட்கார்ந்தாள். படுக்கையறைக்குள் போக மாட்டேன் என்று தீர்மானித்தாள். அவரை நெருங்காமல் இருந்தால் போதும். கையைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கையைத்தான் நம்ப முடியவில்லை. மூன்று மணிக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். மூன்றானது. எழுந்தாள். உட்கார்ந்தாள். போகாவிட்டாலும் குற்றம். போனாலும்.

மூன்றேகாலுக்கு அழைப்புமணி அடித்தது.

இரண்டு பேர். வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், துடைத்துப் பளபளப்பாக்கிய ஷூ. பெரியவருக்கு ஐம்பது இருக்கும். மற்றவன் சற்று இளையவன், கையில் மடித்த ஸ்ட்ரெச்சரும் ஜிப் வைத்த நீளமான பையும். தெருவில் ஒரு வேன், கண்ணாடியெல்லாம் வெள்ளை.

"வணக்கம்மா" என்றார் பெரியவர், சாவு வீட்டுக்காரர்களிடம் பேசும் தாழ்ந்த குரலில். "உங்க வருத்தத்துல நாங்களும் கலந்துக்கறோம்."

"நாங்க யாரையும் கூப்பிடலை."

"யாரும் கூப்பிட மாட்டாங்கம்மா. அந்த நேரத்துல யாருக்குத் தோணும்? எங்களுக்கு லிஸ்ட் வரும், நாங்க வந்துடுவோம்."

"அவரு உயிரோட இருக்காரு."

பெரியவர் இளையவனைப் பார்த்தார். இளையவன் போனை எடுத்துத் தள்ளிப் பார்த்து அவரிடம் காட்டினான். பெரியவர் தலையாட்டினார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. கூச்சம் மட்டும் இருந்தது, விருந்துக்கு முன்னாலேயே வந்துவிட்டவர் மாதிரி.

"மன்னிச்சுக்கங்கம்மா. நாலு மணின்னு போட்டிருக்கு. ரோடு காலியா இருந்துச்சு, சீக்கிரம் வந்துட்டோம்."

"தப்பு நடந்திருக்கு" என்றாள். "லிஸ்ட் தப்பு."

"இருக்கலாம்மா" என்றார் அவர் மரியாதையாக. "நான் இந்த வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் தப்பானதில்லை. நீங்க சிரமப்படாதீங்க. நாங்க இப்படி ஓரமா நிக்கறோம்."

எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்தார்கள். வெள்ளை வேன். வெள்ளைச் சட்டைகள். அவள்.

போங்க என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். அது தொண்டைவரை வந்தது. நாக்கில் உட்கார்ந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"வெயில்ல நிக்காதீங்க" என்றாள். "உள்ள வாங்க."

அது தன் குரல்தான் என்று அவளுக்குக் கேட்டது.

அவர்கள் ஷூவை வாசலில் கழற்றி ஜோடியாக வைத்தார்கள். கூடத்தில் சாப்பாட்டு மேஜை நாற்காலிகள் நான்கு இருந்தன. இரண்டை அவளே இழுத்துப் போட்டாள். எங்கே போடுகிறோம் என்று பார்க்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். பெரியவர் இரண்டு வாய் குடித்துவிட்டு நன்றி சொன்னார். இளையவன் பையை மடியில் வைத்து, ஜிப்பை ஓசைப்படாமல் ஒருதடவை திறந்து மூடிப் பார்த்தான்.

பிறகுதான் தெரிந்தது. படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. நாற்காலிகள் இரண்டும் அதற்கு நேர் எதிரே.

உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ வழுக்கி விழ, யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடுவில் ஒரு விளம்பரம் வரும், வந்து நிறுத்தும் என்று காத்திருந்தாள். வரவில்லை. உஸ் என்றது மெத்தை. மூன்றரை.

எழுந்து போய்க் கதவைச் சாத்தலாம். எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்காரலாம். கால் வரவில்லை. மூன்றாவது நாற்காலியை இழுத்து, அவர்களுக்குப் பக்கத்தில், அவளும் உட்கார்ந்தாள்.

மூன்றே முக்கால்.

பெரியவர் மிச்சத் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தார்.

டேப்லெட்டுக்கு அந்தப்பக்கம், புதிய உறை மாட்டிய தலையணையில், மாஸ்டரின் கண்கள் பெரியவரைப் பார்த்தன. இளையவனைப் பார்த்தன. அவன் மடியிலிருந்த பையை நீளவாக்கில் அளந்தன. பிறகு மெல்ல நகர்ந்து, கைகளை மடியில் வைத்து வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்த அவள்மேல் வந்து நின்றன. அங்கேயே இருந்தன.